ஜெஃப் காஸ்டெல்லோவின் சாவிக்கொத்து: திரைக்கதை எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் திரைக்கதையை இரண்டு தடவை படித்துவிட்டேன். கூடவே நீ எழுதி அனுப்பிய குறிப்பையும் படித்தேன். "அண்ணா, நீங்கள் சொன்ன 'லெ சமுராய்' என்ற பிரெஞ்சுப் படத்தைக் கடைசிவரை பார்த்தேன். அழகாக இருக்கிறது. ஆனால் அவன் ஏன் கொலைகாரன் ஆனான் என்று சொல்லவே இல்லையே?" என்று கேட்டிருந்தாய். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் கூலிக்குக் கொலை செய்பவனை வைத்துக் கதை எழுத உட்காரும் பலரும் இதே கேள்வியில் வந்து நிற்பதைப் பார்க்கிறேன். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் நாயகனின் சிறுவயதுக்குப் பதினோரு பக்கம் ஒதுக்கியிருக்கிறாய். அந்தப் பதினோரு பக்கத்தையும் எடுத்துவிடு என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

அந்தப் படத்தின் நாயகன், கூலிக்குக் கொலை செய்யும் ஜெஃப் காஸ்டெல்லோ, கார் திருடும் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பார். மழை பெய்கிறது. தெருவோரம் நிற்கும் ஒரு சித்ரோயனில், தன் சொந்த வண்டியைப் போல, நிதானமாக ஏறி உட்காருகிறான். கோட்டுக்குள்ளிருந்து பெரிய சாவிக்கொத்து ஒன்றை எடுத்துப் பக்கத்து சீட்டில் வைக்கிறான். ஒரு சாவியைப் போடுகிறான், வண்டி கிளம்பவில்லை. அடுத்ததைப் போடுகிறான், அதுவும் இல்லை. அவன் கண் சாவியில் இல்லை, முன்கண்ணாடியில் இருக்கிறது. விரல்கள் மட்டும் வேலை பார்க்கின்றன. அவசரமும் இல்லை, பதற்றமும் இல்லை. ஏதோ ஒரு சாவி சேரும் என்று அவனுக்குத் தெரியும். இந்த வேலையை எத்தனை வருஷமாகச் செய்கிறான், எத்தனை முறை இப்படிக் காத்திருந்திருக்கிறான் என்பதெல்லாம் அந்த விரல்களிலேயே இருக்கிறது. உன்னுடைய பதினோரு பக்கம் செய்ய நினைத்ததை ஒரு சாவிக்கொத்து செய்துவிடுகிறது.

அப்புறம் அந்த கராஜ். ஷட்டர் இறங்குகிறது, மெக்கானிக் நம்பர் பிளேட்டை மாற்றுகிறான். ஜெஃப் கையை நீட்டுகிறான், வண்டிப் பேப்பர் வருகிறது. மறுபடி நீட்டுகிறான், துப்பாக்கி வருகிறது. பணம் கைமாறுகிறது. ஒரு வார்த்தை கிடையாது. படம் தொடங்கிக் கிட்டத்தட்டப் பத்து நிமிடம் யாரும் பேசுவதில்லை. முதலில் காதில் விழும் வார்த்தையே "ஜெஃப்?" என்று அவன் காதலி ஜேன் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்பதுதான். (ஜேனாக நடித்த நத்தாலி டெலோன் அப்போது நிஜத்திலும் ஜெஃபாக நடித்த ஆலன் டெலோனின் மனைவி.)

கொலைக் காட்சியும் அப்படித்தான். யார் நீ என்று கிளப் முதலாளி கேட்கிறார். அது முக்கியமில்லை என்கிறான். என்ன வேண்டும் என்கிறார். உன்னைக் கொல்ல வேண்டும் என்கிறான். அவ்வளவுதான். உன் கதையில் இதே இடத்தில் நாயகன் ஒன்றரைப் பக்கம் பேசுகிறான். அந்த வசனத்தை நீ ரசித்து எழுதியிருக்கிறாய் என்பது படிக்கும்போதே தெரிகிறது. இருந்தாலும் சொல்கிறேன், அவ்வளவு பேசுகிறவனைப் பார்த்தால் எனக்குப் பயம் வரவில்லை.

படத்தின் ஆரம்பத்தில், சமுராயின் தனிமையைக் காட்டில் திரியும் புலியின் தனிமையோடு ஒப்பிட்டு ஒரு மேற்கோள் வரும், நினைவிருக்கிறதா? சமுராய்களின் நெறிகளைச் சொல்லும் புஷிடோ நூலிலிருந்து எடுத்தது என்று கீழே போட்டிருக்கும். அப்படி ஒரு வரி அந்த நூலில் இல்லை, இயக்குநர் மெல்வில் தானே எழுதிச் சேர்த்தது. அவனைப் பற்றி ஒரு விளக்கம் மாதிரி படத்தில் இருப்பது அது ஒன்றுதான். அதுவும் "ஒருவேளை" என்று முடிகிறது.

அப்படியானால் பார்க்கிறவனுக்கு அவன்மேல் எப்படி ஒட்டுதல் வரும் என்று நீ கேட்பாய். நியாயமான கேள்விதான். எனக்கு அது அந்தப் பறவையால் வந்தது. முதல் ஷாட்டிலேயே அது இருக்கிறது. சாம்பல் நிற அறை, இரண்டு ஜன்னல், நடுவில் கூண்டு, ஓரமாகக் கட்டில். கட்டிலில் ஒரு ஆள் படுத்திருக்கிறான் என்பதே சிகரெட் புகை மேலே எழும்பும்போதுதான் தெரிகிறது. அவ்வளவு நேரமும் அந்தப் பறவை கீச்சிட்டுக்கொண்டே இருக்கிறது. பின்னால், அவன் இல்லாத நேரத்தில் போலீஸ் வந்து அறையில் ஒட்டுக்கேட்கும் கருவியை வைத்துவிட்டுப் போகிறது. அவன் திரும்பி வரும்போது பறவை படபடக்கிறது, கூண்டைச் சுற்றி இறகுகள் உதிர்ந்து கிடக்கின்றன. ஒரு நிமிடம் அதையே பார்க்கிறான். யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு அறையைத் தேட ஆரம்பிக்கிறான். அந்த மனிதனுக்கு உலகத்தில் தகவல் சொல்ல இருக்கும் ஒரே உயிர் அது. இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, ஒவ்வொரு முறையும் அடைக்கிறது.

1967இல் படப்பிடிப்பு நடந்த சமயத்தில் மெல்விலின் சொந்த ஸ்டூடியோ தீப்பிடித்து எரிந்துபோனது. அந்தப் பறவையும் அந்தத் தீயில் செத்துப்போனது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த முதல் ஷாட்டை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

போலீஸ் நிலைய அடையாள அணிவகுப்பையும் கவனி. இன்ஸ்பெக்டர் அவன் கோட்டை ஒருவனுக்கும் தொப்பியை இன்னொருவனுக்கும் மாட்டிவிட்டுச் சாட்சியைக் கூப்பிடுகிறார். சாட்சி கோட்டு அது, தொப்பி அது, முகம் இது என்று மூன்றையும் சரியாகப் பொறுக்கி எடுக்கிறார். போலீஸ் கூட அவனை உடையும் உருவமுமாகத்தான் பிடிக்கப் பார்க்கிறது.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். கிளப்பில் தொப்பியைக் கொடுத்துவிட்டு அதற்கான டோக்கனை எடுக்காமலே உள்ளே போகிறான். வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு பியானோ வாசிக்கும் பெண்ணிடம் துப்பாக்கியை நீட்டுகிறான். ஏன் ஜெஃப் என்று அவள் கேட்கிறாள். பணம் கொடுத்திருக்கிறார்கள் என்கிறான். போலீஸ் சுடுகிறது. பிறகு இன்ஸ்பெக்டர் அவன் துப்பாக்கியைத் திறந்து காட்டுகிறார், உள்ளே ஒரு தோட்டா கூட இல்லை. "ஏன்" என்று நீ கேட்டாயே, அந்தக் கேள்வியைப் படமே ஒருமுறை வாய்விட்டுக் கேட்கிறது. அவன் வாயால் சொன்ன பதில் ஒன்று, துப்பாக்கி சொன்ன பதில் வேறு.

உன் கதையில் இருபத்திரண்டாம் பக்கத்தில் உன் ஆள் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் தைக்கிறான். நான்கே வரி. அவனை நான் நம்பியது அங்கேதான். அடுத்த டிராஃப்டை அந்தப் பொத்தானிலிருந்து ஆரம்பித்துப் பார். ஊசியில் நூல் கோக்க அவனுக்கு எத்தனை முயற்சி ஆகிறது, கை நடுங்குகிறதா, கதவு தட்டப்பட்டால் ஊசியை எங்கே வைப்பான் என்று எழுது. முதல் பத்துப் பக்கம் தயாரானதும் அனுப்பு, அன்றைக்கு ராத்திரியே படித்துவிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்