மார்ச் 31-ஓடு எங்கள் பணத்தைத் திரும்ப எடுக்காதீர்கள்: ஆராய்ச்சி நிதி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

போன வாரம் உங்கள் மதிப்பீட்டுக் குழுவிடமிருந்து எங்கள் கைடுக்கு ஒரு கேள்வி வந்தது. சென்சாரின் நீண்டகால நிலைப்புத்தன்மை பற்றிய தரவு ஏன் பாதியில் நிற்கிறது என்று விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். அலுவலகப் பதிலில் அது 'நிர்வாகக் காரணங்கள்' என்று இரண்டே வார்த்தையில் அடங்கிவிடும். அப்படி அடங்கக்கூடாது என்பதால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நாங்கள் செய்வது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைக் கண்டுபிடிக்கும் சென்சாருக்கான பொருள். டின் ஆக்சைடு படலம், அதன்மேல் காப்பர் ஆக்சைடு நுண்துகள்கள். அந்த வாயு பட்டதும் காப்பர் ஆக்சைடு காப்பர் சல்ஃபைடாக மாறும், மின்தடை சட்டென்று விழும், சுத்தமான காற்றில் சூடாக்கினால் பழைய நிலைக்குத் திரும்பும். இந்த வேதியியல் முப்பது வருடத்துக்கு முன்பே தெரிந்ததுதான். தெரியாதது, பாதாளச் சாக்கடையின் ஈரத்திலும் மீத்தேனுக்கு நடுவிலும் இதே படலம் மாதக்கணக்கில் நம்பகமாக வேலை செய்யுமா என்பது. எங்கள் ப்ராஜெக்டே அந்த ஒரு கேள்விதான்.

மலக்குழியில் இறங்குகிறவர்கள் மூச்சுத்திணறிச் சாவதற்கு முக்கியக் காரணம் இந்த வாயு. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) அளவுக்குப் போனால் சில நிமிடத்தில் மூக்கே மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நம்பி உள்ளே இன்னும் இறங்குவார்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம், யாரும் இறங்காமலே இருப்பதுதான் சரி. ஆனாலும் இறக்கிவிடுகிறார்கள், சாகிறார்கள். இந்தச் சாவுகளில் தமிழ்நாடு நாட்டிலேயே முன் வரிசையில் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. செத்த பிறகு கொடுக்கும் பணத்துக்கு ஒரு அளவு வைத்திருக்கிறோம், சாகாமல் பார்த்துக்கொள்ளும் கருவிக்கான பணம் மட்டும் ஒவ்வொரு மார்ச் மாதமும் மாயமாகிவிடுகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நிலைப்புத்தன்மைச் சோதனை என்றால் சென்சாரை இரவு பகலாகச் சூட்டிலேயே வைத்து, ஈரக்காற்று ஓடவிட்டு, குறித்த இடைவெளியில் அளவான வாயுவைக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் மின்தடை எவ்வளவு விழுகிறது, எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்று மாதக்கணக்கில் பதிவு செய்வது. அதற்குச் சான்றிதழ் பெற்ற கலவை வாயு சிலிண்டர் வேண்டும். கடையில் போய் வாங்கும் சரக்கு இல்லை அது, ஆர்டர் கொடுத்தபின் கலந்து, அளந்து அனுப்புவார்கள், வாரக்கணக்கில் ஆகும். உங்கள் மானியத் தவணை பிப்ரவரிக் கடைசியில் வந்தது. கொட்டேஷன், கொள்முதல் குழு, கையெழுத்து எல்லாம் முடிந்து ஆர்டர் போனது. சிலிண்டர் வந்து சேரும் முன் மார்ச் 31 வந்துவிட்டது. கணக்கில் மீதம் இருந்ததை எடுத்துக்கொண்டீர்கள். பணம் இல்லாத ஆர்டரை விற்பனையாளர் ரத்து செய்தார், அவர்மேல் குற்றம் இல்லை.

ஹீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது, கொடுக்க வாயு இல்லை. பிறகு எப்போதோ சிலிண்டர் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாமே என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் போனில் சொன்னார். முடியாது ஐயா. சல்ஃபைடாக மாறி மாறித் திரும்பிக்கொண்டிருந்த பரப்பும், வாயுவே படாமல் சும்மா வெந்துகொண்டிருந்த பரப்பும் ஒன்றல்ல. அந்தக் கோட்டையும் இந்தக் கோட்டையும் ஒட்டி ஒரே வரைபடமாகக் காட்டினால் அது மோசடி. புதுப் படலம் செய்து முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். குழு கேட்ட 'முழுமையான தரவு' அதனால்தான் இல்லை.

ஆகவே கேட்கிறேன்: செலவாகாத தொகையை மார்ச் 31-ஓடு திரும்ப எடுக்காதீர்கள். குறைந்தபட்சம் ஆர்டர் போய்விட்ட பொருளுக்கான பணத்தையாவது விட்டுவையுங்கள்.

ஃபெலோஷிப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆராய்ச்சி மாணவருக்கான மாத உதவித்தொகை, 37,000 ரூபாய். உயர்த்தியது நல்லதுதான், ஆனால் அது மாதாமாதம் வருவதில்லை, பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழில் (யு.சி.) ஏதோ ஒரு கட்டம் விடுபட்டால் மொத்த லேபுக்கும் நின்றுவிடுகிறது, ஹாஸ்டல் மெஸ்காரரிடம் நாங்கள் யு.சி. என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. 2022 ஜூலையில் ஆராய்ச்சிக் கருவிகளுக்கான 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகை போய் 18 ஆனது, அதற்கேற்ப மானியம் ஏறவில்லை. 2024 பட்ஜெட்டில் லேப் ரசாயனங்களுக்கு 150 சதவீத சுங்க வரி போட்டு, விஞ்ஞானிகள் கத்திய பிறகே இறக்கினார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான் இந்த நாடு ஆராய்ச்சிக்குச் செலவழிக்கிறது, அந்தக் கொஞ்சத்தையும் நேரத்துக்குக் கொடுக்க முடியாதா?

சரி, இதெல்லாம் உங்கள் மேஜையில் மட்டும் முடிவாகிற விஷயம் இல்லை என்று தெரியும். 2025 ஜூனில் ஆராய்ச்சிக் கொள்முதல் விதிகளைத் தளர்த்தினார்கள், கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு 2 லட்சமானது, அது எங்களுக்கு உண்மையிலேயே உதவியாக இருக்கிறது. மனது வைத்தால் விதிகள் மாறும் என்பதற்கு அதுவே சாட்சி.

உங்களிடம் நான் பணிவோடு கேட்பது இரண்டுதான். தவணையை நிதியாண்டின் முதல் காலாண்டிலேயே அனுப்புங்கள். ஆர்டர் போட்ட தொகையை மார்ச் 31-ஓடு திரும்ப எடுக்காதீர்கள். எங்கள் புதுப் படலம் இப்போது சூட்டில் இருக்கிறது, இருக்கும் சிலிண்டரில் பாதிக்கும் கீழேதான் அழுத்தம் காட்டுகிறது. அடுத்ததற்கான கொட்டேஷன் இந்த மாதக் கடைசி வரை செல்லும். அதற்குள் தவணையை விடுவித்து உதவ வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
ஒரு ஆராய்ச்சி மாணவர்