கடைசி இடத்தில் ஹாலிடேயா?

அன்பு மகளுக்கு,

உன் பட்டியல் வந்து சேர்ந்தது. 1950ஆம் ஆண்டுப் படங்களுக்கான ஆஸ்கரில் சிறந்த நடிகை விருதுக்குப் போட்டியிட்ட ஐவரையும் வரிசைப்படுத்தி, வென்ற ஜூடி ஹாலிடேயைக் கடைசியில் தள்ளியிருக்கிறாய். போதாததற்குப் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி வேறு. அந்தக் குறிக்குத்தான் இந்தக் கடிதம்.

'ஆல் அபௌட் ஈவ்' படத்தின் பெட்டி டேவிஸை நீ முதலில் வைத்ததில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. எல்லோரும் விருந்துக் காட்சியைச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது, பெட்ரோல் தீர்ந்து வழியில் நின்றுவிட்ட காருக்குள், நாற்பதைத் தொட்ட நடிகையின் பயத்தை அவர் தணிந்த குரலில் சொல்லும் இடம்.

ஆனாலும் என் முதல் இடம் 'சன்செட் பூலவார்ட்' படத்தின் குளோரியா ஸ்வான்சனுக்குத்தான். பேசாப்படக் காலத்தில் கொடிகட்டிப் பறந்தவர், உலகம் மறந்துபோன பேசாப்பட நட்சத்திரமாக நடிக்கிறார். படத்தில் அவர் வீட்டில் ஓட்டிப் பார்க்கும் பழைய படம், நிஜத்தில் அவரே நடித்த 'குயீன் கெல்லி'. அதை இயக்கும்போது பாதியில் நீக்கப்பட்ட எரிக் வான் ஸ்ட்ரோஹைம்தான் இங்கே அவருடைய வேலைக்காரர்! விழியும் விரலும் மிகை என்று எழுதியிருக்கிறாய். கேமராவுக்கு வெளியே வாழத் தெரியாதவள் அந்தப் பெண். அவளுக்கு மிகைதான் இயல்பு.

இரண்டாம் இடம் ஹாலிடேக்கு. 'பார்ன் யெஸ்டர்டே' படத்தின் சீட்டாட்டக் காட்சியை மறுபடி பார். எதிரே பிராடெரிக் கிராஃபோர்ட், முந்தைய ஆண்டின் சிறந்த நடிகர் விருதை வாங்கியவர். அவருக்கு முன்னால் இவர் ஏறக்குறைய ஒன்றுமே பேசுவதில்லை. சீட்டை அடுக்குகிறார், கலைக்கிறார், மறுபடி அடுக்குகிறார். நடுவே ஒரு பாட்டை முணுமுணுக்கிறார். அந்த மனிதர் பொறுமை இழக்க இழக்க இவர் ஜெயித்துக்கொண்டே போகிறார். எல்லோரும் மண்டு என்று நினைக்கும் பெண்ணின் மூளை என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதை அந்த விரல்களே காட்டிக்கொடுத்துவிடுகின்றன. 1946இலிருந்து பிராட்வே மேடையில் நடித்துப் பழகிய வேடம்தான், ஆனால் பழகிய சலிப்பு எங்கேயும் தெரியவில்லை. அழவைத்தால்தான் நடிப்பு என்ற எண்ணம் உனக்கு என்னிடமிருந்து தொற்றியது. அதனால் பாதிக் குற்றம் என்னுடையது.

'ஆல் அபௌட் ஈவ்' படத்திலேயே டேவிஸோடு நடித்த ஆன் பாக்ஸ்டரை நீ மூன்றில் வைத்தாய், நான் ஐந்தில் வைக்கிறேன். துணை நடிகைப் பிரிவு வேண்டாம், டேவிஸோடு அதே பிரிவில்தான் நிற்பேன் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். இருவரும் வாக்குகளைப் பிரித்துக்கொண்டதால் இருவருமே தோற்றார்கள் என்று பேச்சு உண்டு. மூத்த நடிகையின் இடத்தைப் பறிக்கும் கதையில் நடித்தவர் அப்படிச் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

எலினார் பார்க்கர் நம் இருவர் கணக்கிலும் நான்காவது. இதை அம்மாவிடம் காட்டியிருக்கக் கூடாது. 'கேஜ்டு' படத்தில் ஒன்றும் அறியாதவளாகச் சிறைக்குள் போன பெண், கல்லாகி வெளியே வருவதை அந்த முகம் எப்படிக் காட்டியது, வெனிஸ் விழாவே அவருக்கு விருது கொடுத்ததே என்று ஒரு மணி நேரம் வாதாடினாள். இருவர் மீதும் கோபமாக இருக்கிறாள். அவளுடைய பட்டியல் தனியாக வரும்.

அன்புடன்,
அப்பா