குவைத்திலிருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

கர்த்தருக்குள் அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம்.

நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, குருவானவராக இறையியல் படிக்கப் போவதாக நீ போனில் சொன்னதிலிருந்து அம்மாவுக்குச் சரியான தூக்கமில்லை. உன் சம்பளம், கல்யாணம், வீட்டுக் கடன் என்று கணக்குப் போட்டபடியே இருக்கிறாள். அவள் கவலையைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு மனசு நிறைந்திருக்கிறது. அதை எழுதியே உனக்குத் தர வேண்டும் என்று தோன்றியது.

"இத்தனை வருஷம் வீணாப் போச்சோப்பா" என்று கேட்டாயே, அதுதான் என்னை உறுத்துகிறது. ஐ.சி.யு.வில் சாகக் கிடந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றவள் நீ. பாஷை தெரியாத வங்கதேசத்துத் தொழிலாளி ஒருவர் கடைசியாகத் தன் வீட்டாரோடு பேச உன் போனையே கொடுத்தவள். துக்க வீட்டுக்குப் போகிற குருவானவருக்கு முதலில் வேண்டியது அதுதானே அம்மா! வேதத்தில் பார், அழைப்புக்கு முன் தீர்க்கதரிசி ஆமோஸ் மந்தை மேய்த்தவர், சீஷரான மத்தேயு வரி வசூலித்த ஆயக்காரர். அவ்வளவு தூரம் எதற்கு, நம் வெள்ளாளன்விளையில் 1874ல் பிறந்த அசரியாவைப் பார். ஒய்.எம்.சி.ஏ. என்கிற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலராக ஊர் ஊராய்ச் சுற்றியவர், 1909ல் அதை விட்டு, தெலுங்கு பேசும் டோர்னக்கலுக்கு ஊழியத்துக்குப் போனார். தெலுங்கு படித்து அந்தக் கிராமத்து ஜனங்களோடே இருந்தார். 1912ல் பேராயரானார். செயலராகச் சுற்றிய பழக்கம் அங்கேயும் அவருக்கு உதவியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பெண்பிள்ளைக்கு எதற்கு அங்கி என்று ஊரில் சிலர் கேட்பார்கள். நம் சி.எஸ்.ஐ.யில், அதாவது தென்னிந்தியத் திருச்சபையில், 2013லேயே புஷ்பலலிதா அம்மா நந்தியால் பேராயராகிவிட்டார்கள். கேட்கிறவர்களுக்கு அந்தப் பதிலை நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் கேள். உனக்கு அழைப்பு நிச்சயமாயிருந்தாலும், சபை அதைச் சோதித்துப் பார்க்கத்தான் செய்யும். நம் பக்கத்துச் சபைகளைக் கவனிக்கிற சேகரக் கமிட்டியின் பரிந்துரை வேண்டும், அப்புறம் பேராயரின் கீழுள்ள திருமண்டலத்தில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். அதற்குச் சங்கடப்படாதே. அழகாக ஜோடித்த சாட்சியெல்லாம் வேண்டாம், வார்டில் நடந்ததை நடந்தபடி சொல். ஒருவேளை இப்போது வேண்டாம் என்றார்களானால், வேலையில் இருந்துகொண்டே காத்திரு. அதனால் அழைப்பு பொய்யாகிவிடாது.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படிக்க ஆசை என்றாய், நல்லது. குவைத் சம்பளத்தை மட்டும் மனசிலிருந்து இறக்கி வை; ஊழியத்தில் அது கிடைக்காது. மிச்சக் கடனுக்கு என் பென்ஷன் இருக்கிறது. அம்மாவிடம் நீயே பேசு, நான் பேசினால் கேட்கமாட்டாள்.

டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். நம் குருவானவரிடம் நேரம் கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா