எரிந்த கட்சியும் வேண்டும், எரியாத கட்சியும் வேண்டும்: எங்கள் கோவில் சபைக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை மலையகத்தில் இருக்கிற எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் பரிபாலன சபைத் தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். இந்த மாசியில் காமன் பண்டிகை நடக்கிற நம் காமன் பொட்டலில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களே நீங்கள்தான். பொட்டலுக்கு ஏறுகிற படிக்குப் பக்கத்தில் நட்டு வைத்திருக்கிறீர்களே, அந்த போர்டைப் பற்றியும், மன்மதன் எரிந்தானா இல்லையா என்று கட்சி கட்டிப் பாடுகிற லாவணிப் பாட்டு வாத்தியாருக்கு மைக் கொடுக்காமல் விட்டதைப் பற்றியும்தான் எழுதுகிறேன். நேரில் வந்து கேட்டபோது பொதுக்கூட்டத்தில் பேசலாம் என்றீர்கள். பொதுக்கூட்டத்தில் கேட்டால் அது இன்றைய பேச்சில் இல்லை, அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றீர்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று இதுவரைக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் எல்லோரும் வாசிக்கிற மாதிரி இப்படி எழுத வேண்டி வந்தது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

போர்டில் சிவப்பு எழுத்தில் 'காமன் பண்டிகையின் உண்மை வரலாறு' என்று தலைப்பு. தவத்தில் இருந்த சிவபெருமான் மேல் மன்மதன் அம்பு விட்டான், சிவன் நெற்றிக் கண்ணைத் திறந்தார், மன்மதன் சாம்பலானான், ஆகவே மனிதன் காமத்தை அடக்கி வாழ வேண்டும் என்பதுதான் இந்தப் பண்டிகையின் கருத்து என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே, இதற்கு மாறான கதைகளைப் பொட்டலில் பாடவோ பேசவோ கூடாது, சபையின் உத்தரவு.

நான் கேட்பது இதுதான். அந்தக் கடைசி வரியை அழித்துவிடுங்கள். 'உண்மை வரலாறு' என்ற தலைப்பை மாற்றி, நம் ஆட்கள் சொல்கிற மற்றக் கதைகளையும் எழுதுங்கள். வருகிற மாசிக்கு லாவணியையும் ரதி புலம்பலையும் முன்னைப்போல முழுசாக நடத்த விடுங்கள்.

கந்தபுராணத்தில் காமதகனம் இருக்கிறது, அதை யாரும் இல்லையென்று சொல்லவில்லை. மயிலாடுதுறைப் பக்கம் திருக்குறுக்கை என்று ஓர் ஊர், அட்டவீரட்டானத் தலங்கள் எட்டில் ஒன்று, சிவன் காமனை எரித்த இடம் என்று அந்தக் கோவிலைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதே புராணத்தை இன்னும் கொஞ்சம் தள்ளி வாசித்துப் பாருங்கள். ரதி அழுது மன்றாடுகிறாள், பார்வதி கல்யாணம் முடிந்த பிறகு சிவன் மனமிரங்கி மன்மதனை எழுப்பிக் கொடுக்கிறார், ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான், மற்றவர்களுக்கு உருவம் இல்லாமல் இருப்பான் என்று வரம் கொடுக்கிறார். நம் பொட்டலிலும் தகனத்தோடு முடிவதில்லையே, மூன்றாம் நாள் உயிர்ப்பிக்கிற சடங்கு செய்துதானே கூத்தை முடிக்கிறோம். உங்கள் போர்டில் மட்டும் சாம்பலோடு கதை நின்றுவிட்டது. புராணத்தைத்தான் காப்பாற்றுகிறோம் என்றால் அதையாவது முழுசாக எழுதியிருக்க வேண்டாமா?

சரி, லாவணிக்கு வருகிறேன். மராட்டியர் ஆட்சிக் காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் வந்து சேர்ந்த பாட்டு அது. அங்கே மாசி மாதம் காமன் பண்டிகைக்கு இரண்டு கட்சியாகப் பிரிந்து பாடுவார்கள், ஒன்று எரிந்த கட்சி, மற்றது எரியாத கட்சி. கோப்பித் தோட்டத்துக்கு வந்த நம் ஆட்கள் காமனோடு சேர்த்து அந்தச் சண்டையையும் இங்கே கொண்டுவந்தார்கள். எரியாத கட்சிக்காரர் கேட்பார், மன்மதன் எரிந்துபோய்விட்டான் என்றால் சிவன் எப்படிப் பார்வதியைக் கல்யாணம் கட்டினார், உலகத்தில் பிள்ளை குட்டி எப்படிப் பிறக்கிறது? எரிந்த கட்சிக்காரர் டேப் என்கிற தோல் வாத்தியத்தைத் தட்டிக்கொண்டே திருப்பிக் கேட்பார், எரியவில்லை என்றால் ரதி தாலியை அறுத்தது எதற்கு? இப்படி விடிய விடிய. எங்கள் அப்பா காலத்திலும் யாரும் ஜெயித்ததில்லை, தாத்தா காலத்திலும் ஜெயித்ததில்லை. ஜெயிக்க விட்டால் அடுத்த வருஷம் பாட்டுக்கு என்ன வேலை?

அன்றைக்கு ராத்திரி அந்த வாத்தியார் மேல் டிவிசனிலிருந்து அந்தக் குளிரில் இறங்கி வந்தார். வயது எழுபதுக்கு மேல். துவாயில் சுற்றிய டேப் ஒரு கையில், சீமெந்துப் பை தாளில் அட்டை போட்ட பாட்டுக் கொப்பி மற்றக் கையில். தோல் தளர்ந்துவிடும் என்று தேத்தண்ணி அடுப்புப் பக்கத்தில் டேப்பைக் காட்டிக் காட்டிச் சூடேற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீங்கள் வெளியிலிருந்து அழைத்து வந்தவரின் சொற்பொழிவு முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் எழுந்து மேடைப் பக்கம் போனார், சபையில் இருக்கிற தம்பி ஒருவர் குறுக்கே வந்து, "தாத்தா, எரியாத கட்சி எல்லாம் இனிமே வேணாம், போர்டை வாசிச்சுட்டு வாங்க" என்றார். அவர் போனார். டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி வாசித்தார், பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். வாசித்து முடித்துவிட்டு என்னிடம் கேட்டார், "அப்ப இவ்வளவு காலமும் நாங்க பொய்யாம்மா பாடிக்கிட்டு இருந்தோம்?"

ஐயா, இந்தக் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். எனக்குச் சொல்ல வாயே வரவில்லை.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்கவில்லை. எரிந்த கட்சி பாடுகிறவர் வாத்தியாருடைய மச்சான், அவரும் அன்று பாடவில்லை. உங்கள் போர்டு அவர் கட்சிதான், அவருக்கு மைக் கொடுக்கவும் தயாராக இருந்தீர்கள். மச்சான் பாடாமல் நான் யாருக்குப் பதில் பாடுவது என்று கேட்டுவிட்டு இரண்டு பேரும் ஒன்றாகவே இருட்டில் ஏறிப் போய்விட்டார்கள்.

காமத்தை அடக்கத்தான் பண்டிகை என்கிறீர்கள். அப்படியென்றால் கலியாணம் கூடி வர வேண்டும், வயிற்றில் ஒரு பூச்சி பொட்டு தங்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு நம் பெண்கள் ஆமணக்கும் வைக்கோலும் கட்டி நட்ட அந்தக் கம்பத்தைச் சுற்றி வருகிறார்களே, அவர்கள் எதற்கு வருகிறார்கள்? அவர்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சிலப்பதிகாரத்தில் தேவந்தி கண்ணகியிடம் சொல்கிறாள், புகாரில் சோமகுண்டத்திலும் சூரியகுண்டத்திலும் குளித்துவிட்டுக் காமவேள் கோட்டத்தைக் கும்பிட்டால் கணவனோடு சேர்ந்து வாழலாம் என்று. அது பெருமையில்லை என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள், அது வேறு, ஆனால் ஊரில் அப்படி ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. ஆண்டாள் தையில் தரையைத் துப்புரவாக்கி, மாசி தொடங்கியதும் மணலால் தெருவை அலங்கரித்து, கண்ணனோடு தன்னைச் சேர்த்து வைக்கச் சொல்லி அந்தக் காமனைத்தான் கேட்கிறாள். கலித்தொகையில் காமவேள் விழா வருகிறது, அது இளவேனிலில் பிரிந்து போனவன் திரும்பி வர வேண்டிய காலம். அங்கெல்லாம் காமன் வேண்டுதல் கேட்கிற சாமி. அப்புறம் எந்தக் காலத்திலோ எரிந்த கதை வந்து பண்டிகையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. வடக்கே பார்த்தால் பெரும்பாலும் இதே பௌர்ணமிக்குத்தான் ஹோலி நெருப்பு, அங்கே எரிவது பிரகலாதனின் அத்தை ஹோலிகை. கர்நாடகத்தில் அதே நெருப்பைக் காமன் எரிந்ததாகச் சொல்லி 'காமன ஹப்ப' என்று கொண்டாடுகிறார்கள். பனி முடிந்து மரம் துளிர்க்கிற காலத்தில் பழசை எரித்துப் புதுசை வரவேற்கிற விழாவாகத்தான் இது தொடங்கியிருக்கும், கதையெல்லாம் பிறகு வந்தது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இதில் எதை எடுத்து 'உண்மை' என்று சிவப்பு எழுத்தில் எழுதுவது? யாருக்கு அந்த உரிமை?

எங்கள் அப்பாயி சொன்ன கதை இன்னும் வேறு. அப்பாயிக்கு ஓர் அக்கா. இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964ஆம் வருஷ ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே என்று இரண்டு அரசாங்கமும் ஆட்களைப் பங்கு போட்டதே, அதில் அக்கா குடும்பம் அந்தப் பக்கம், அப்பாயி இந்தப் பக்கம். தலைமன்னாருக்குப் போகிற ரயிலை, அந்தக் கோச்சியை, 'அழுகைக் கோச்சி' என்று சொல்வார்கள், உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே கையைப் பிடித்துக்கொண்டு கோச்சி வேகம் எடுக்கிறவரைக்கும் கூடவே ஓடினாளாம் அப்பாயி. அதற்குப் பிறகு அக்காவைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு மாசிக்கும் பொட்டலில் படங்கை விரித்து முன்னால் உட்கார்ந்துவிடுவாள், கூத்து பார்ப்பதற்கு இல்லை, ரதி புலம்பலுக்கு. "மதன் எரியலடி. கோச்சி ஏத்தி அனுப்பிட்டாங்க. கண்ணுக்குத் தெரியாத ஊருல இருக்காரு, அவளுக்கு மட்டும் தெரியுது" என்பாள்.

இது எந்தப் புராணத்திலும் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் ரதிக்கு மட்டும் தெரிவான் என்ற வரத்தை எங்கள் அப்பாயி பிடித்துக்கொண்ட மாதிரி அந்தச் சொற்பொழிவு செய்தவர் பிடித்துக்கொள்ளவில்லை. நம் லயங்களில், அந்த வரிசை வீடுகளில் போய்க் கேட்டுப் பாருங்கள், கோப்பித் தோட்டத்துக்கு வந்த காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்த வழியில் செத்துப்போனவர்களுக்காக ரதி அழுகிறாள் என்று சொல்கிற குடும்பமும் இருக்கிறது. இந்த மலைக்கு வந்த பிறகு நம் ஆட்கள் அந்தக் கதைக்குள் தங்கள் கதையையும் வைத்திருக்கிறார்கள். அதையும் சேர்த்துத்தான் உங்கள் உத்தரவு 'கூடாது' என்கிறது.

இந்த வருஷம் புலம்பல் எவ்வளவு நேரம் நடந்தது? ரதி வேஷம் கட்டிய தம்பி கொழும்பில் கடையில் வேலை செய்கிறவன், லீவு கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, காப்புக் கட்டி விரதம் இருந்தவன். அவன் தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்து இரண்டு பாட்டுக்கூடப் பாடவில்லை, நேரமாகிவிட்டது முடி என்று கையைக் காட்டினீர்கள். காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போக வேண்டிய பெண்கள் அந்த ஒரு பாட்டுக்காகத்தான் தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். வருஷத்தில் ஒரு நாள், எல்லோருக்கும் முன்னால் வாய்விட்டு அழக் கிடைக்கிற ஒரே நாள். சொற்பொழிவுக்கு இருந்த நேரம் இவர்களுக்கு ஏன் இல்லை?

இது நம் தோட்டத்தில் மட்டும் நடக்கிற காரியமும் இல்லை. எங்கே பார்த்தாலும் ஒரு பண்டிகைக்கு ஒரு கதைதான் இருக்க வேண்டும் என்று யாராவது கிளம்பிவிடுகிறார்கள். தீபாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு நரகாசுரன், வடக்கே இராமர் அயோத்திக்குத் திரும்பிய நாள், சமணருக்கு மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள், சீக்கியருக்குக் குரு ஹர்கோபிந்த் குவாலியர் கோட்டையிலிருந்து விடுதலையான நினைவு. தீபாவளி சமணரிடமிருந்து வந்தது என்று மயிலை சீனி வேங்கடசாமி எழுதினார், நரகாசுரன் செத்ததை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்று பெரியார் கேட்டார். புத்தாண்டு தையா சித்திரையா என்று தமிழ்நாட்டில் 2008இல் ஒரு சட்டம் போட்டார்கள், 2011இல் அதை மாற்றினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் தீபாவளிக்குப் பலகாரம் சுடுகிறோம், சித்திரைக்குக் கைவிசேஷம் வாங்குகிறோம். பல கதை இருந்ததால் எந்தப் பண்டிகையும் அழிந்துபோகவில்லை. கலாசார விழா என்று சொல்லி நகரத்து மேடைகளில் நம் காமன் கூத்தைக் கால்மணித்தியாலத்துக்குச் சுருக்கி ஆடச் சொல்கிறார்கள், அதைப் பார்த்து வயிறெரிகிறோம். சொந்தப் பொட்டலில் சொந்த ஆட்களே அதைச் செய்தால் எங்கே போய்ச் சொல்வது?

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. நீங்கள் இந்தக் கோவிலுக்குச் செய்ததை யாரும் மறக்கவில்லை. கூரை போட்டது, கரண்ட் எடுத்தது, பொட்டலுக்குப் படி கட்டியது எல்லாம் உங்கள் காலத்தில்தான். பிள்ளைகள் குடித்துவிட்டுச் சண்டை போடுகிறார்கள், அதனால்தான் ஒழுக்கமாக நடத்தப் பார்க்கிறோம் என்று செயலாளர் ஐயா சொன்னதும் எனக்கு விளங்குகிறது. குடிக்கிறவர்களைத் தடுங்கள், நாங்களும் கூட நிற்கிறோம். பாடுகிறவர்களை ஏன் தடுக்கிறீர்கள்?

மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன். 'கூடாது' என்ற வரி போக வேண்டும். தலைப்பு மாற வேண்டும், கந்தபுராணக் கதை முதலில் இருக்கட்டும், அதற்குக் கீழே எரியாத கட்சி என்ன சொல்கிறது, பழைய காமவேள் விழா என்ன, நம் பெரியவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறது, பெயின்ட் செலவை இளைஞர்கள் சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். லாவணிக்கு ராத்திரியில் நேரம் ஒதுக்க வேண்டும், ரதி புலம்பலை யாரும் இடையில் நிறுத்தக் கூடாது. இதைப் பேசுவதற்கு ஒரு பொதுக்கூட்டத் திகதியைக் கோவில் சுவரில் ஒட்டுங்கள், பெண்களும் வரக்கூடிய மாதிரி பௌர்ணமி லீவு நாளான போயா நாளாகப் பார்த்து வையுங்கள்.

அதற்கு முன்னால் தலைவர் ஐயா ஒரு தடவை மேல் டிவிசனுக்குப் போய் அந்த வாத்தியாரைப் பார்த்து, வருகிற மாசிக்கு வந்து பாடுங்கள் என்று தன் வாயால் அழைக்க வேண்டும். வேறு யாரும் போய்ச் சொன்னால் அவர் இறங்கி வரமாட்டார்.

இப்படிக்கு,
கீழ் டிவிசன் லயத்தில் பிறந்து வளர்ந்த,
உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி