போனை வைக்கத் தெரியாத மரியாதை

அன்புள்ள தோழிக்கு,

கொக்குவிலில் எல்லோரும் சுகம். இவருக்கு முழங்கால் நோ இன்னும் இருக்கிறது, ஆனாலும் சைக்கிளை விடமாட்டேன் என்கிறார். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது, முருங்கை மட்டும் காய்த்துத் தள்ளுகிறது.

போன கிழமை நீ வட்ஸ்அப்பில், "என்னடி, பாங்கில் காசு போய்விட்டதாம், உண்மையோ?" என்று கேட்டிருந்தாய். பிறகு சொல்கிறேன் என்று மட்டும் போட்டேன். கதைத்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது, அதுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், தேத்தண்ணீரை ஊற்றி வைத்துக்கொண்டு படி.

உண்மைதான். 84,000 ரூபாய். பென்ஷனில் மாதா மாதம் மிச்சம் பிடித்த காசு.

நடந்தது இதுதான். மகள் லண்டனிலிருந்து ஒரு பொதி அனுப்பியிருந்தாள், மூன்று கிழமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் கிழமை, காலை பத்து மணியிருக்கும், குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது எஸ்எம்எஸ் வந்தது. தபால் திணைக்களத்தின் பெயரில். உங்கள் பொதி வந்திருக்கிறது, முகவரி சரியில்லை, 12 மணித்தியாலத்துக்குள் திருத்தாவிட்டால் திருப்பி அனுப்பப்படும், கீழே உள்ள இணைப்பை அழுத்துங்கள் என்று. அழுத்தினேன். தபாற்கந்தோரின் பக்கம் போலவே இருந்தது, சின்னமெல்லாம் வடிவாகப் போட்டிருந்தார்கள். முகவரியை நிரப்பினேன். பிறகு மறு விநியோகக் கட்டணம் என்று ஒரு சின்னத் தொகை கேட்டது, நூறு ரூபாய் கூட வராது. டெபிட் அட்டையைத் தேடி எடுத்து முன்பக்க எண், முடியும் திகதி, பின்பக்கத்து மூன்று எண் எல்லாவற்றையும் போட்டேன். ஓடிபி வந்தது. அதையும் போட்டேன்.

அந்த ஓடிபி செய்தியை நான் படிக்கவே இல்லை, எடி. அதைத்தான் இப்போதும் நினைத்து நினைத்து நெஞ்சு எரிகிறது. அதில் எல்லாம் எழுதியிருந்தது! காசு எந்த ஊர்க் கடைக்குப் போகிறது, யூரோவில் எவ்வளவு, எல்லாம். நான் ஆறு எண்ணை மட்டும் பார்த்தேன். தேங்காய்க் கை, கண்ணாடி போடவில்லை, பொதி திரும்பிப் போய்விடுமே என்ற அவசரம். பாங்க் எனக்கு எழுத்தில் சொல்லியிருக்கிறது, நான்தான் வாசிக்காமல் விட்டேன்.

நான் பொதிக்குக் காத்திருப்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் முதலில் பயந்தேன். அவனுக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான நம்பருக்கு ஒரே செய்தியை விடுகிறார்கள், அதில் யாராவது ஒருத்தி பொதிக்குக் காத்திருப்பாள். யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டில்தான் வெளிநாட்டில் ஒரு பிள்ளை இல்லை? வருடம் முழுக்க எந்த வீட்டுக்குத்தான் ஒரு பெட்டி வராமல் இருக்கிறது? எங்கள் சனத்துக்கென்றே செய்த தூண்டில் மாதிரி இருக்கிறது. நீயும் ஒன்று தெரிந்துகொள். இந்த நாட்டுத் தபால் திணைக்களத்தின் இணைய முகவரி 'கவ் டொட் எல்கே' என்றுதான் முடியும். எனக்கு வந்ததிலும் போஸ்ட் என்ற சொல் நடுவில் இருந்தது, ஆனால் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக வந்தது வேறு என்னவோ. நடுவில் யாரும் எதையும் எழுதலாமாம், அந்தக் கடைசித் துண்டைத்தான் பார்க்க வேண்டுமாம். இதெல்லாம் பிறகு பக்கத்து வீட்டுப் பெடியன் சொல்லித் தந்தது. கம்பஸில் கொம்பியூட்டர் படிக்கிறான்.

கணக்கில் 84,000 கழிந்தது என்று அடுத்த எஸ்எம்எஸ் வந்தபோது மணி பத்தேகால். நான் என்ன செய்தேன் தெரியுமா? போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேங்காய்ப்பூவைப் பிழியத் தொடங்கினேன். கறி வைத்தேன். இவருக்குச் சோறு போட்டேன். இவர் "ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு" என்று கேட்டதற்கு வெக்கை என்றேன். மூன்று மணித்தியாலம், ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டுறவுக் கிராமிய வங்கிக் கவுண்டரில் இருந்து சனத்தின் காசை ஒரு சதம் பிசகாமல் எண்ணிக் கொடுத்தவள் நான், என்னிடமே ஒருவன் எடுத்துவிட்டான் என்று எந்த வாயால் சொல்வது? அந்த வெட்கம்தான் என்னைக் கட்டிப் போட்டது. அந்த மூன்று மணித்தியாலத்துக்குள் இன்னும் இரண்டு முறை, ஒவ்வொரு டொலராக, என் அட்டையில் காசு எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதற்கு ஓடிபியும் வரவில்லை, வெளிநாட்டுக் கடைகள் சிலது ஓடிபி கேட்காமலே எடுக்குமாம். அட்டை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது அது. உயிரோடுதான் இருந்தது, நான் சும்மா விட்டிருந்தேனே.

ஒன்றரை மணிக்குப் போன் வந்தது. இங்கத்தைய நம்பர்தான். "வணக்கம் அம்மா, வங்கிப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து கதைக்கிறோம்." நல்ல தமிழ், நிதானமான குரல். உங்கள் அட்டையில் சந்தேகமான கொடுக்கல்வாங்கல் நடந்திருக்கிறது, பயப்படாதீர்கள், திருப்பி எடுத்துத் தருகிறோம் என்றான். என் பெயர் சொன்னான், அட்டையின் முதல் ஆறு எண்ணைச் சொன்னான். எனக்குக் கடவுளே வந்து கதைத்தது போல இருந்தது. காலையில் எடுத்தவர்களே மத்தியானம் காப்பாற்ற வருவார்கள் என்று யார் நினைப்பார்கள்? இருபது நிமிடத்துக்கு மேல் பேசினான். இடையிடையே தண்ணீர் குடியுங்கோ அம்மா என்றுகூடச் சொன்னான். கடைசியில், "இப்ப ஒரு எண் வரும், அதை வாசியுங்கோ, காசு திரும்பி விழும்" என்றான். எண்ணும் வந்துவிட்டது.

அந்த நேரம்தான் பெடியன் ஏணி கேட்டு வந்தான். என் முகத்தையும் நான் கண்ணாடியைத் தேடுவதையும் பார்த்தான், போனைக் கையிலிருந்து வாங்கினான், ஒரு சொல் பேசாமல் வைத்துவிட்டான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது அவன்மேல் கோபம். ஒரு மனுசன் இவ்வளவு பணிவாகக் கதைத்துக்கொண்டிருக்கிறான், முகத்தில் அடித்த மாதிரி வைக்கிறானே என்று!

பிறகு இரவு படுக்கையில் இதைத்தான் யோசித்தேன். இருபது நிமிடம் நான் ஏன் அந்தப் போனை வைக்கவில்லை? இடையில் இரண்டு தடவை எனக்கே சந்தேகம் வந்தது, சத்தியமாக வந்தது. ஆனாலும் ஆள் கதைத்து முடிக்க முதல் வைக்க மனம் வரவில்லை. நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. வாசலில் வந்தவனை இருக்கச் சொல்லாமல் அனுப்பக் கூடாது, பெரியவர்கள் கதைக்கும்போது எழுந்து போகக் கூடாது. கள்ளனுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது. அட்டை எண்ணைவிட அதைத்தான் அவன் நம்பியிருந்தான் என்று நினைக்கிறேன். இந்தப் பழக்கத்தை மட்டும் நாங்கள் விட்டுத்தான் ஆக வேண்டும். போனில் வருபவனுக்கு மரியாதை கடன் இல்லை.

பெடியன் தன் அட்டையை எடுத்து என் அட்டைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினான். அவனுக்கும் அதே பாங்க், அதே வகை அட்டை. முதல் ஆறு எண்ணும் ஒன்று! அது எந்த பாங்க், எந்த வகை அட்டை என்பதைக் காட்டும் எண்ணாம், அதைச் சொல்லி எவனும் என்னைத் தெரிந்தவனாகிவிட முடியாது. என்னைப் பொறுத்தவரை முழு எண்ணையும் காலையில் நானே எழுதிக் கொடுத்திருந்தேன் என்பது வேறு கதை.

அதற்குப் பிறகுதான் அட்டையின் பின்பக்கத்தில் உள்ள நம்பருக்கு எடுத்தேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை, அட்டையை முடக்கிவிட்டார்கள். அவ்வளவு சின்ன வேலை! முறைப்பாட்டு எண், கதைத்தவரின் பெயர், நேரம் எல்லாவற்றையும் கலண்டரில் எழுதி வைத்தேன். அடுத்த நாள் கிளைக்குப் போய்ப் படிவம் நிரப்பினோம். கழிந்த காசு உடனே மற்றவனின் கைக்குப் போகாதாம், சில நாள் நிலுவையில் நிற்குமாம், அது முடிந்த பிறகுதான் முறைப்படி மறுக்கலாமாம். விசா, மாஸ்டர்கார்ட் விதிகளில் அதற்குக் காலக்கெடு இருக்கிறது, பொதுவாக 120 நாள், அதனால் பார்ப்போம் பார்ப்போம் என்று இழுக்கக் கூடாது. அங்கே இருந்த பிள்ளை, "இந்தக் கிழமை நீங்கள் நாலாவது ஆள், அன்ரி. மற்ற மூன்று பேரும் வீட்டில் சொல்லவில்லை" என்றாள். இவர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, என் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

யாழ்ப்பாணப் பொலிஸிலும் முறைப்பாடு கொடுத்தோம். இதற்கென்று 2006இல் கொடுப்பனவுச் சாதன மோசடிச் சட்டமும் 2007இல் கணினிக் குற்றச் சட்டமும் வந்திருக்கின்றன, சட்டம் இல்லாமல் இல்லை. ஆனால் கள்ளன் எந்த நாட்டில் இருக்கிறானோ.

முடிவு என்ன என்று கேட்பாய். டொலர் டொலராகப் போன இரண்டும் திரும்பி வந்துவிட்டன. 84,000க்கு, ஓடிபி நீங்களே கொடுத்திருக்கிறீர்கள், ஆகவே பொறுப்பு உங்களுடையது என்று கடிதம் வந்தது. நான் விடவில்லை. பாங்கின் பதில் திருப்தி இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு எழுதலாம், 1935 அவர்களின் நம்பர். எழுதியிருக்கிறேன். வழக்கமாக மாதம் ஆயிரக்கணக்கில் மட்டும் எடுக்கும் ஒரு கிழவியின் கணக்கில் ஒரேயடியாக யூரோவில் இவ்வளவு போகும்போது, ஒரு தரம் போன் எடுத்துக் கேட்கக் கூடாதா? கிடைக்குதோ இல்லையோ, அந்தக் கேள்விக்கு ஒருவர் பதில் சொல்ல வேண்டும்.

ஊரோடு இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு உனக்கு நினைவிருக்கும். மழைக்குள், நாவற்குழிப் பாலத்தில் அடிமேல் அடி வைத்து, அம்மா தாலிக்கொடியையும் காப்புகளையும் தலையணைக்குள் தைத்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். ஒரு குண்டுமணி தவறவில்லை. அப்படிக் காசைக் காத்த சனத்திடமிருந்து இப்போது வீட்டுக் குசினிக்குள் வைத்தே எடுக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது என்ன செய்திருக்கிறேன் என்றால், பெரிய காசு இருக்கும் கணக்குக்கு அட்டையே இல்லை. அட்டை உள்ள கணக்கில் மாதச் செலவுக்கு மட்டும் போடுகிறேன். அந்த அட்டையிலும் இணையத்தில் வாங்குவதையும் வெளிநாட்டில் பாவிப்பதையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன், தேவையென்றால் அன்றைக்குத் திறந்து அன்றைக்கே பூட்டலாம். வட்ஸ்அப்பிலும் இரட்டைச் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது, ஆறு இலக்கம் வைக்க வேண்டும், நீயும் இன்றைக்கே வை. இங்கே கோயில் சபைக்காரர் ஒருவரின் வட்ஸ்அப்பைப் பிடித்து, அவசரம், 50,000 போட்டுவிடுங்கள், நாளைக்குத் தருகிறேன் என்று ஊர் முழுக்கச் செய்தி போனது. இரண்டு பேர் போட்டும்விட்டார்கள். ஒரு பாங்கிலிருந்து இன்னொன்றுக்கு இப்போது நிமிடத்தில் போய்விடுகிறது, திருப்பிப் பிடிப்பது லேசில்லை.

இனி உன் அம்மாவின் விஷயம், எழுத இருந்ததே இதற்காகத்தான். நீ மாதம் மாதம் கனடாவிலிருந்து அனுப்புவது அப்படியே அவர் கணக்கில் கிடக்கிறது. அங்கே உங்கள் பக்கம், பேரன் அக்சிடென்டில் மாட்டிவிட்டான் என்று வயது போனவர்களுக்குப் போன் எடுத்துக் காசு பறிக்கிறார்கள் என்று நீதானே சொன்னாய். இங்கே அம்மாவுக்கு யாராவது உன் பெயரைச் சொல்லி எடுத்தால்? அதனால் ஞாயிற்றுக்கிழமை இணுவிலுக்குப் போனேன். போனுக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் மூன்று வரி எழுதி ஒட்டியிருக்கிறேன்: எண் ஒன்றையும் வாசிக்காதே, போனை வை, எனக்கு எடு. அம்மா படித்துவிட்டு, "கதைச்சுக்கொண்டு நிக்கேக்கை வைக்கிறதோ, பிள்ளை?" என்று கேட்டார். பார்த்தாயா, அதே பழக்கம். வைத்துப் பழக வேண்டும் என்று என் போனிலிருந்து நாலு தரம் எடுத்து, நாலு தரமும் நான் கதைத்துக்கொண்டிருக்கும்போதே வைக்க வைத்தேன். நாலாவது தரம் டக்கென்று வைத்தார்.

இன்னொன்று. காசு அவசரம் என்று உன் குரலில் யார் கேட்டாலும் அம்மா முதலில் ஒரு கேள்வி கேட்பார், விடை சரியென்றால்தான் மிச்சக் கதை. கேள்வி உங்கள் பழைய வீட்டுப் பசுவின் பெயர், தொண்ணூறுகளில் நின்றதே, அதுதான். எனக்குத் தெரியும் என்று வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். விடை அவருக்கும் உனக்கும் மட்டும் தெரிந்திருந்தால் போதுமாம். அடுத்த முறை எடுக்கும்போது பரீட்சை வைப்பார், கோபிக்காமல் சொல்லு.

அன்புடன்,
உன் கொக்குவில் சிநேகிதி