எல்லாப் பழியும் ரூட்டர் மேலேயா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், புதிதாக வாங்கிய லேப்டாப்பில் வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வீட்டில் மற்றவர்களின் போன்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதையும் தெளிவாகவே எழுதியிருந்தார். ரூட்டரை அணைத்துப் போடுங்கள், அப்படியும் சரியாகாவிட்டால் வேறு ரூட்டர் வாங்கிவிடுங்கள் என்று பதில் சொல்லி முடித்துவிட்டீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

ஒரே வீடு, ஒரே ரூட்டர். போன் ஓடுகிறது, பழைய லேப்டாப் ஓடுகிறது, புது லேப்டாப் மட்டும் நொண்டுகிறது. முதலில் எதைச் சந்தேகப்பட வேண்டும்? தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் இப்படி ஒரு பதில் அச்சாகியிருக்கிறதே என்பதுதான் வருத்தம்.

இதே அவஸ்தையை அனுபவித்தவன் என்பதால் சொல்கிறேன். நான் இணையவழியில் பாடம் நடத்துபவன். கணக்கைப் பாதி போட்டுக்கொண்டிருக்கும்போது திரையின் மூலையில் இருக்கும் விசிறிச் சின்னம் மறைந்து, பூகோள உருண்டை வந்து நிற்கும். பிள்ளைகளின் முகங்கள் அப்படியே உறைந்துபோகும். லேப்டாப்பை ஒட்டி வைத்திருந்த போனில் சிக்னல் முழுசாக இருக்கும். லேப்டாப் கம்பெனியைக் கூப்பிட்டால், இணைய இணைப்பு கொடுத்தவர்களைக் கேளுங்கள் என்றார்கள். அவர்களைக் கூப்பிட்டால், லேப்டாப் கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். கடைசியில், எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை முதலிலிருந்து போடச் சொன்னார்கள். புது மெஷினுக்கு இதுவா வைத்தியம்?

யூஎஸ்பி-யில் செருகும் ஒரு ஈதர்நெட் அடாப்டரை வாங்கி, ரூட்டரிலிருந்து நேராக வயர் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூட அறுபடவில்லை. ஆக, வீட்டுக்கு வரும் இணைப்பில் குறை இல்லை. அப்புறம் கவனித்ததில், சார்ஜர் செருகியிருக்கும்போது வைஃபை ஒழுங்காக இருந்தது, பேட்டரியில் ஓடும்போதுதான் தகராறு என்பது பிடிபட்டது. பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக, லேப்டாப்புக்குள் சிக்னலை வாங்கும் வைஃபை கார்டைத் தூங்கவைக்கும் ஏற்பாடு அது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் அந்த கார்டின் (அங்கே வைஃபை அடாப்டர் என்று இருக்கும்) பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், தூங்கவைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிட்டு, லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைச் சரியானதாக இறக்கிப் போட்டதும் தொல்லை விட்டது. சில புது மாடல்களில் அந்தப் பக்கமே கண்ணில் படாது. அவற்றை வைத்திருப்பவர்கள் டிரைவரைத்தான் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு தொல்லை ஆரம்பித்திருந்தால் பழைய டிரைவருக்கே திரும்பிப் போகலாம். ரூட்டரும் புது கார்டும் ஒத்துப்போகாத சந்தர்ப்பங்கள் உண்டு, மறுக்கவில்லை. அங்கேகூட ரூட்டரின் மென்பொருளைப் புதுப்பித்துப் பார்த்த பிறகல்லவா புது ரூட்டர் பேச்சு வர வேண்டும்?

சில மாதங்களுக்கு முன் இதே பகுதியில், வைஃபையை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலிருந்து 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். அப்போதே எழுதியிருக்க வேண்டும். 2.4-இல் நெரிசல் அதிகம் என்பது உண்மைதான். மைக்ரோவேவ் அடுப்பு அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. பக்கத்தில் செருகிய யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கும் அங்கே இரைச்சல் கிளப்பும் என்று 2012-லேயே இன்டெல் அறிக்கை வெளியிட்டது. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். அதன் உட்பிரிவுகளான சேனல்களில் சிலவற்றை ரேடாருடன் பகிர வேண்டியிருப்பதால், ரேடார் சிக்னல் தட்டுப்பட்டால் ரூட்டர் அந்தச் சேனலைக் காலி செய்தாக வேண்டும். அந்த நேரத்திலும் இணைப்பு அறும். இதில் ஒரு வரிகூட அந்தப் பதிலில் இல்லை.

தங்கள் லேப்டாப் விமர்சனங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திரையின் நிறம், கீபோர்டின் அழுத்தம், எத்தனை மணி நேரம் பேட்டரி நிற்கும் என்பதெல்லாம் பக்கம் பக்கமாக வருகிறது. இரண்டு அறை தள்ளி வைத்தால் வைஃபை நிற்குமா என்று ஒரு விமர்சனத்திலாவது பார்த்தீர்களா? பெட்டியில் வைஃபை 6 என்று வைஃபையின் தலைமுறையை மட்டும் போட்டிருக்கும். உள்ளே எந்த கார்டு, அதைக் கழற்றி மாற்ற முடியுமா, போர்டோடு சாலிடர் செய்துவிட்டார்களா என்பதை யாரும் சொல்வதில்லை. மெல்லிசாக வேண்டும் என்று பல மாடல்களில் வயர் செருகும் ஈதர்நெட் போர்ட்டையும் எடுத்துவிட்டார்கள். வயரும் கிடையாது, வயர்லெஸும் நிலையில்லை என்றால் காசு கொடுத்து வாங்கியவர் எங்கே போவார்? அவரிடமே, உங்கள் வீட்டில்தான் கோளாறு என்று நீங்களும் சொன்னால் எப்படி?

கேட்பது சின்ன விஷயம்தான். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ஒரே ஒரு வரி கொடுத்தால், கடந்த மூன்று நாட்களில் வைஃபை எப்போது அறுந்தது, என்ன காரணத்தால் அறுந்தது என்று ஒரு அறிக்கையே வந்துவிடும். அந்தக் கட்டளையை எழுத்துப் பிசகாமல் அடுத்த இதழில் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். மேலே சொன்ன பேட்டரி விஷயத்தையும் சேர்த்து அந்த வாசகிக்கு மறுபதில் கொடுங்கள். அதற்குள் அவர் புது ரூட்டர் வாங்கிவிடக் கூடாதே என்றுதான் இந்தக் கடிதத்தை அவசரமாக அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்