செந்தூல் ரயில்வே தொழிலாளி ஒருவரின் கையெழுத்து நோட்டுகளைத் தேசிய ஆவணக் காப்பகம் ஏற்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மறைந்த ரயில்வே ஃபிட்டர் ஒருவரின் குடும்பத்தார் சார்பில் அவருடைய மூத்த பேத்தி,
செந்தூல், கோலாலம்பூர்.
(பெயர், முகவரி, அடையாள அட்டை விவரங்கள் தனித்தாளில் உள்ளன)

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம்,
ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிம்,
கோலாலம்பூர்.

பொருள்: எங்கள் தாத்தாவின் தமிழ்க் குறிப்பு நோட்டுகளைத் தனியார் ஆவணமாக ஏற்றுப் பாதுகாக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தாத்தா 2023ஆம் ஆண்டில், தம் 96ஆவது வயதில் காலமானார். செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 1946இல் சேர்ந்து 1982இல் பென்ஷன் வாங்கியவர். செந்தூல் புனித சூசையப்பர் கோயிலில் அதைவிட நீண்ட காலம், சாமியாருக்கு உதவியாக மறைப்பணி செய்யும் உபதேசியாராகவும், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையின் உறுப்பினராகவும் இருந்தார். அவர் விட்டுச் சென்ற தகரப் பெட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. எல்லாம் தமிழில், அவர் கைப்பட எழுதியவை. 1948இல் தொடங்கி, கண்பார்வை மங்கும்வரை எழுதியிருக்கிறார். இவற்றைக் காப்பகம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்கவே இம்மனு. தங்கள் அலுவலர்களின் வசதிக்காக இதன் மலாய் மொழிபெயர்ப்பையும் இணைத்திருக்கிறோம்.

ஒரு சாதாரணத் தொழிலாளியின் நோட்டில் நாட்டுக்கு என்ன இருக்கிறது என்று தாங்கள் கேட்கலாம். அதற்கு அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாத்தா பிறந்தது 1927இல், சிலாங்கூர் ரப்பர் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். ஜப்பானியர் காலத்தில் அவருடைய அண்ணனைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. எங்கே இறந்தார், புதைத்தார்களா எரித்தார்களா, எதுவும் தெரியாது. ஒரு மனிதன் செத்ததற்கு ஒரு வரி எழுத்துகூட இல்லாமல் போகக் கூடாது என்று தாத்தா பிற்காலத்தில் அடிக்கடி சொல்வார். அவர் நோட்டு எழுதத் தொடங்கியதன் வேர் அங்கேதான் என்று நான் நம்புகிறேன்.

போர் முடிந்து அவர் செந்தூலுக்கு வந்தபோது ஒர்க்‌ஷாப் சிதைந்து கிடந்தது. 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்க பி-29 விமானங்கள் கோலாலம்பூர் ரயில் தளங்களின்மேல் குண்டு போட்டிருந்தன. மார்ச் 10ஆம் தேதி வீசிய குண்டில்தான் சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியும் அழிந்தது. இடிபாடுகளை அள்ளும் கூலியாளாகச் சேர்ந்த தாத்தா, நீராவி இஞ்சின்களில் வேலை கற்று, 1957இல் டீசல் இஞ்சின்கள் வந்தபின் அவற்றையும் கற்று, ஃபிட்டராக ஓய்வு பெற்றார்.

கோயில் வேலை அவரிடம் வந்த விதம் இப்படி. அப்போது இங்கிருந்த தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குப் பணி செய்தவர்களில் பாரிஸ் மறைபரப்புச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சு சாமியார்கள் பலர். அவர்கள் தமிழ் படித்தவர்கள், ஆனால் வீடு வீடாகப் போய் யாருக்கு நோய், எந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகவில்லை, எந்த வீட்டில் அரிசி இல்லை என்று அறிந்து வர உள்ளூர் ஆள் வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த தாத்தாவிடம் ஒரு நோட்டைக் கொடுத்து அந்த வேலையை ஒப்படைத்தார்கள். சாமியார்கள் மாறினார்கள், நோட்டு மாறவில்லை.

அந்த நோட்டுகளில் 1957, 1958ஆம் ஆண்டுக்குரியவற்றைத் தாங்கள் முதலில் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். சுதந்திரத்துக்குப் பிறகு, இந்நாட்டில் பிறந்து உரிய காலம் இங்கே வசித்தவர்கள் முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய் மொழித் தேர்வு இல்லாமலே குடியுரிமை பெறலாம் என்ற சலுகை இருந்தது. செய்தித்தாள் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கும் ரயில் பாதையில் சல்லி கொட்டியவர்களுக்கும் யார் போய்ச் சொல்வது? தாத்தா சொன்னார். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே மேசை போட்டு உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். பல பேருக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. லயத்தில் பிறந்த குழந்தையை யார் போலீஸ் நிலையத்தில் பதிந்தார்கள்? ஆனால் கத்தோலிக்கக் குடும்பம் என்றால் ஏதாவது ஒரு கோயிலில் ஞானஸ்நானப் பதிவு இருக்கும். எந்தத் தோட்டம், எந்தக் கோயில், ஏறத்தாழ எந்த வருடம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்தந்தக் கோயிலுக்குக் கடிதம் எழுதி நகல் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இந்துக்களுக்கு அந்த வழி இல்லை. அவர்களுக்காகப் பழைய கங்காணிகளையும் மருத்துவச்சிகளையும் தேடிப் பிடித்துச் சாட்சி சொல்ல அழைத்துப் போயிருக்கிறார். யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, என்ன காரணம் என்றெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. குடியுரிமைச் சட்டம் ஏட்டில் எப்படி இருந்தது என்பதற்குத் தங்களிடம் கோப்புகள் இருக்கும். செந்தூல் ரயில்வே தொழிலாளர் குவார்ட்டர்ஸில் அது எப்படி வந்து சேர்ந்தது என்பது இந்த நோட்டுகளில் இருக்கிறது.

அந்த ஓராண்டைத் தவறவிட்டவர்களின் கதை அடுத்த நோட்டுகளில் தொடர்கிறது. குடியுரிமை இல்லாதவர்களுக்குரிய சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வைத்திருந்தவர்கள் 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் கேட்டு அலைந்ததும், கிடைக்காமல் போர்ட் சுவெட்டன்ஹாமில் இந்தியாவுக்குப் போகும் ரஜூலா கப்பல் ஏறியதும் பெயர் பெயராகக் குறிக்கப்பட்டுள்ளன. அவர்களில் சிலர் இந்தியாவையே பார்த்திராதவர்கள். தாத்தா ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஊரில் இருந்த சாமியாருக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கிருந்து வந்த பதில்களும் நோட்டுகளுக்கு நடுவே மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை வாசித்தபோது எனக்குத் தாங்கவில்லை.

திருச்சபை வரலாற்றுக்கும் இவற்றில் செய்தி உண்டு. 1960களில் ரோமில் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் பொதுச் சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய காலத்தில் அச்சுப் புத்தகம் கைக்கு வருவதற்கு முன் வாசகங்களைக் கையால் படியெடுத்து வைத்திருக்கிறார். 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் ஒரு மாதம் கூடிப் பேசியபோது கோயில்களில் பூசை நடக்கவில்லை. மக்கள் வீடுகளில் தாங்களே கூடிச் செபித்தார்கள். இன்று எங்கள் கோயில் பங்குகளில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டங்களுக்கு அந்த மாதம் பெரிய தொடக்கம். எந்த ஞாயிறு யார் வீட்டில் கூடினார்கள், யார் வாசித்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். சாமியார் இல்லாமல் செபம் நடத்தத் தயங்கிய பெரியவர்களையும் அவர் மறைக்கவில்லை.

அப்புறம், சாவுக் கணக்கு. இறந்தவர் பெயர், லயமா குவார்ட்டர்ஸா, பெட்டி வாங்கப் பணம் கொடுத்தவர்கள், செராஸ் மயானத்தில் எந்த வரிசை. மரச் சிலுவைகள் மக்கிப்போன பிறகு தங்கள் பெற்றோர் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு, கல்லறைத் திருநாளுக்கு முன்னால் ஆட்கள் தாத்தாவைத் தேடி வருவார்கள். அவர் நோட்டைப் பார்த்துச் சொல்வார்.

அவருடைய விசுவாசத்தைப் பற்றியும் சொல்லாவிட்டால் இந்த மனு குறைபட்டதாகும். விடியற்காலை ஐந்து மணிக்கு ஜெபமாலை சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் புறப்படுவார். பிள்ளைகள் எட்டுப் பேர். சம்பளம் வாங்கிய அன்று கோயிலுக்கும் சபைக்கும் எடுத்து வைத்த பிறகே பாட்டியின் கைக்குப் பணம் போகும். பாட்டி அதில் ஒருநாளும் குறை சொன்னதில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் அரிசிப் பானையிலிருந்து முதல் படியை அடுத்த வீட்டுக்கு அளந்து கொடுத்ததும் பாட்டிதான். தாத்தா யாரையும் மதம் மாறச் சொன்னதாக எங்களில் எவருக்கும் நினைவில்லை. நோயாளியிடம் போகிறவன் முதலில் உட்கார வேண்டும், கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்பது அவர் எங்களுக்குக் கற்றுத் தந்த வேதம். அவர் அடக்கப் பூசையில், கோயிலுக்குள் எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாத எத்தனையோ பேர் வந்து நின்றார்கள்.

2003ஆம் ஆண்டு தேசிய ஆவணக் காப்பகச் சட்டத்தின்கீழ் தனியார் ஆவணங்களையும் பெற்றுப் பாதுகாக்கத் தங்களுக்கு இடமுண்டு. நாட்டின் பிரதமர்களுக்குரிய நினைவகங்களைத் தங்கள் காப்பகம் அக்கறையோடு பராமரிக்கிறது. எங்கள் தாத்தாவுக்கு நினைவகம் கேட்கவில்லை. அவர் நோட்டுகளுக்கு ஈரம் படாத ஓர் அலமாரித் தட்டு, அவற்றைத் தேடி வருகிறவர் கண்டெடுக்க ஒரு பதிவு எண், இவை போதும். அந்தப் பதிவைத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் தயாரிக்க வேண்டும் என்பதை வலியுறுத்திக் கேட்கிறோம். வெறுமனே ‘தமிழ் நோட்டுகள்’ என்று எழுதி வைத்தால் அவை பெட்டிக்குள் இருந்த மாதிரியே காப்பகத்துக்குள்ளும் இருக்கும்.

ஒரு நிபந்தனையும் உண்டு. இதில் குடும்பத்துக்குள் எங்களுக்கே நெடுநாள் வாக்குவாதம் இருந்தது. உதவி பெற்றவரின் பெயரை வெளியே சொல்லாதிருப்பது வின்சென்ட் தே பவுல் சபையின் வழக்கம். கடன், குடிப்பழக்கம், கணவன் கைவிட்டது, பெற்றோர் பெயர் தெரியாத குழந்தை, எல்லாம் தாத்தா எழுதியிருக்கிறார். சித்தப்பா இவற்றை எரித்துவிடுவதே தாத்தாவுக்குச் செய்யும் மரியாதை என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதனால் தான் இத்தனை மாதம் தயங்கினோம். கடைசியில், சபைக் குறிப்புகள் உள்ள நோட்டுகளைத் தனியே பிரித்து, அதில் பெயர் வரும் மனிதர்களின் காலம் முடியும்வரை பொதுப் பார்வைக்குத் திறப்பதில்லை என்று தாங்கள் எழுத்தில் உறுதி தந்தால் ஒப்படைக்கலாம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம். குடியுரிமை, கப்பல், கோயில், கல்லறைக் குறிப்புகளைத் திறந்து வைப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. அவற்றின் மின்னணு நகல் ஒன்றைச் செந்தூல் கோயில் பங்குக்கும் ஒன்றைக் குடும்பத்துக்கும் தந்துதவ வேண்டும்.

தாத்தாவோடு ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தவர்களில் சிலர் இன்னும் செந்தூலிலும் பத்து கேவ்ஸ் பக்கமும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் எண்பது தாண்டிவிட்டது. தங்கள் அலுவலர் ஒருவரை வாய்மொழி வரலாற்றுப் பதிவுக்கு அனுப்பினால் அவர்கள் வீட்டுக்கு நானே அழைத்துப் போகிறேன். முதலில் பாட்டியைப் பதிவு செய்வது நல்லது. காலையில் அவருக்கு ஞாபகம் தெளிவாக இருக்கிறது.

நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டை இவ்வாண்டு இறுதியில் காலி செய்கிறோம். 1950களின் நோட்டுகள் சிலவற்றில் பூச்சி அரிக்கத் தொடங்கிவிட்டது, பென்சில் எழுத்தும் மங்குகிறது. ஆகவே நவம்பர் மழைக்கு முன்பே ஓர் அலுவலர் வந்து பெட்டியைப் பார்வையிட்டு, ஏற்க இயலுமா என்று எங்களுக்குத் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறோம். 1957, 1958ஆம் ஆண்டு நோட்டுகளிலிருந்து சில பக்கங்களின் நகல், பெயர்கள் மறைக்கப்பட்டு, இம்மனுவோடு இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
குடும்பத்தார் அனைவரின் ஒப்புதலுடன்,
மூத்த பேத்தி.
செந்தூல், கோலாலம்பூர்.